செயலாளர் ஆண்டறிக்கை: இரவல் உபகரணங்கள்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதியவர்கள் எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கித்தான் மலையேற வேண்டும் என்ற நிலை மாறவே இரவல் முறையைத் தொடங்கினோம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மேட், முதுகுப்பை, அடுப்பு, நீர்வடிகட்டி ஆகியவை ஆண்டு முழுவதும் கைமாறிக்கொண்டே இருந்தன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிகம் வந்த குறை, இரவில் குளிர் தாங்கவில்லை என்பது. தடித்த ஸ்லீப்பிங் பேக் வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் திருப்பித் தந்தவர்களிடம் விசாரித்தபோது, பலர் மெல்லிய மேட்டையே கொண்டுபோயிருந்தார்கள். எவ்வளவு நல்ல பையானாலும் நம் உடலுக்கு அடியில் நசுங்கும் பகுதியில் சூட்டைக் காக்கும் காற்று தங்காது. உடற்சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். அதைத் தடுப்பது மேட்தான். அதன் ஆர்-மதிப்பை, அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண்ணை, பார்த்து எடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று விரித்தால் மதிப்புகள் கூடும்: 2 உள்ள ஃபோம் மேட்டின் மேல் 3 உள்ள காற்று மேட்டைப் போட்டால் 5. ஸ்லீப்பிங் பேக்கில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என இரண்டு வெப்பநிலைகள் இருக்கும். ‘லிமிட்’ என்பது உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் அளவு. நிம்மதியாகத் தூங்க ‘கம்ஃபர்ட்’ எண்ணையே நம்புங்கள்.

என்னை மிகவும் வருத்துவது ஈரம். நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டித் திருப்பித் தருகிறார்கள். உள்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்து, பிசுபிசுத்து, உரிந்துவிடுகிறது. பிறகு கூடாரம் மழைநீரைத் தடுக்காது. அப்படிப்பட்ட கூடாரங்களைக் கழித்துவிட்டோம். அடுத்து எடுத்துச் செல்பவர் நள்ளிரவு மழையில் நனையக்கூடாது.

நுண்குழல் நீர்வடிகட்டிகளிலும் இதே கவனம் தேவை. ஒருமுறை பயன்படுத்தியபின் உள்ளே தங்கும் நீர் உறைந்தால் குழல்கள் விரிசல் விடலாம்; கண்ணுக்குத் தெரியாது. உறைபனி இரவில் வடிகட்டியை உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்ததாகச் சந்தேகம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். வைரஸை இவ்வகை வடிகட்டிகள் பொதுவாகத் தடுப்பதில்லை. ஐயமிருந்தால் கொதிக்க வைப்பதே வழி. கொதி வந்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் 3 நிமிடம்.

அடுப்புக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த எரிவாயுக் குப்பிகளையே இனி வாங்குவோம். சாதாரண பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அனுமதி பெற்று வேட்டைக்குச் செல்லும் உறுப்பினர்கள் சட்டகம் வைத்த முதுகுப்பை கேட்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை. போகும்போது இருக்கும் சுமை வேறு, இறைச்சியோடு திரும்பும்போது இருக்கும் சுமை வேறு. பாரம் முதுகை ஒட்டி நின்று இடுப்புப் பட்டி வழியே இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். தோளில் தொங்கினால் சரிவில் கால் தடுமாறும். இறைச்சிக்குக் காற்று புகும் துணிப்பைகளும் சேர்த்து வாங்கலாம். பிளாஸ்டிக்கில் கட்டினால் சூடு தங்கிக் கெட்டுவிடும்.

எனவே பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகள்: அடுத்த ஆண்டு நிதியில் முதலில் தடித்த மேட்டுகள், பிறகு சட்டக முதுகுப்பைகள் வாங்க வேண்டும், கூடாரங்களை விரித்து உலர்த்த இடம் ஒதுக்க வேண்டும், உலர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே பதிவேட்டில் வரவு வைக்க வேண்டும்.

உபகரணங்களைத் தைத்தும் ஒட்டியும் பழுதுபார்த்துத் தந்த உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி. அறிக்கையை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்