லிமரிக்கைத் தமிழாக்க வேண்டாம், தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு லிமரிக் என்ற ஆங்கில வேடிக்கைப் பாட்டு வடிவத்தில் எழுதச் சொல்லித் தருவது இப்போது சில இடங்களில் நடக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அண்மையில் நான் போன ஒரு பயிலரங்கில் ஆங்கிலப் பாட்டைக் கொடுத்து, "இதைத் தமிழில் மாற்றுங்கள்" என்றார்கள். பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வேறென்ன செய்வார்கள்?

லிமரிக்குக்கு ஐந்து அடி. 1, 2, 5 ஓர் ஓசையில் முடியும், 3, 4 குட்டையாக வேறோர் ஓசையில் முடியும். 1846-ல் இப்படிப்பட்ட பாட்டுகளைப் புத்தகமாகப் போட்ட ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் லியர் பல பாட்டுகளில் முதலடியின் கடைசியில் ஊர்ப் பெயரை வைத்துவிட்டு அதற்கு இயைபு, அதாவது அதே ஓசையில் முடியும் சொல், தேடுவார். தமிழில் ஊர் முன்னால் வந்துவிடும், கடைசியில் வினைச்சொல்தான் நிற்கும். அங்கேதான் சிக்கல். என் வார இறுதி வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்தான், போனான், பார்த்தான் என்று எழுதிவிட்டு, "டீச்சர், எல்லாம் ஒரே ஓசை!" என்று நீட்டினான். விகுதி ஒன்றானால் இயைபு ஆகிவிடுமா? அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் பேசுவதில் பாதி கவிதைதான்.

அப்புறம் ஒரு விதி வைத்தேன். 1, 2, 5-ஆம் அடி பெயர்ச்சொல்லில்தான் முடிய வேண்டும். கடை, வடை, குடை, எடை, தடை என்று பலகை நிறைய எழுதிப் போட்டதும் கூச்சல் ஆரம்பமாகிவிட்டது. ஆளுக்கொரு அடி சொல்லி, அடித்துத் திருத்தி, கடைசியில் வந்தது இது (பிறை எங்கள் பக்கத்து ஊர்):

பிறை பக்கம் தாத்தாவின் கடை
பெரிசாகத் தட்டுவார் வடை
தானே அத்தனையும் தின்றார்
தராசுமேல் ஏறி நின்றார்
முறிந்தது முள், யாரறிவார் எடை!

பிறை, முறிந்தது என்று எதுகையும் வந்து விழுந்ததை நான் சொல்லித் தரவில்லை. தின்றார், நின்றார் மட்டும் வினையாச்சே என்று ஒரு வாலு கேட்டாள். அங்கே விகுதிக்கு முன்னாலேயே ஓசை ஒத்துப்போகிறது, அதனால் சரி என்றேன்.

இதெல்லாம் புதுசும் இல்லை. இலங்கையில் 'மகாகவி' என்ற புனைபெயரில் எழுதிய உருத்திரமூர்த்தி 1966-லேயே 'குறும்பா' என்று இந்த வடிவத்தில் தமிழில் நூல் போட்டுவிட்டார். குறும்பு, பா இரண்டும் ஒரே சொல்லில், எவ்வளவு அழகு! வகுப்பிலும் அந்தப் பெயரையே சொல்லலாமே.

உங்கள் ஞாயிறு பதிப்பு மாணவர் பக்கத்தில் இதற்கு ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குவீர்களா? முதலடி, எங்கள் பினாங்கின் ஆயர் ஈத்தாம் ஊரை வைத்து, நான் தருகிறேன்: "ஆயர் ஈத்தாம் மலையேறும் ரயில்". வெயில், மயில், குயில் எல்லாம் கிடக்கிறது, மிச்ச நாலடியைப் பிள்ளைகள் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு