குரோமுக்குப் பாதுகாப்பானது என்று எழுதி விற்ற வீல் கிளீனர் என் புல்லட்டின் முன் ரிம்மைக் கெடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
அனுப்புநர்: பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில் நகலில் உள்ளன
இடம்: தூத்துக்குடி
நாள்: 12.08.2024

ஐயா / அம்மையீர்,

ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் வீல் கிளீனரை என் வண்டியின் முன் சக்கரத்தில் அடித்தேன். ஏழேகாலுக்கெல்லாம் அந்த ரிம் பாழாகிவிட்டது.

வண்டி 1984-ஆம் வருட என்ஃபீல்டு புல்லட் 350. திருவொற்றியூர் ஃபேக்டரியில் செய்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பா வாங்கியது. எங்கள் வீடு உப்பளத்துக்குப் பக்கம். ஆடிக் காற்று அடித்தால் ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்து நக்கிப் பார்க்கலாம், கரிக்கும். இப்படிப்பட்ட ஊரில் ரிம்மின் பளபளக்கிற குரோம் முலாமைக் காப்பாற்றுவது சின்ன வேலை இல்லை. அப்பா ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பழைய பனியன் துணியால் ரிம்மின் ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். போர் தண்ணீரை ரிம் பக்கம் விடவே மாட்டார், காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும் என்பார். அவருக்குப் பிறகு நானும் அதையேதான் செய்து வருகிறேன். கூடுதலாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசுகிறேன். கம்பி நார், பச்சை ஸ்கிரப்பர் எதுவும் அந்த ரிம்மைத் தொட்டதில்லை.

ஸ்போக்ஸ் கம்பிகளை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள் திருகுகளின் இடுக்கில் இறுகிப்போன கிரீஸ் அழுக்கு துணிக்கு வரவில்லை. அதற்காகத்தான் 449 ரூபாய் கொடுத்து உங்கள் பாட்டிலை வாங்கினேன். 'குரோம், அலாய், பெயின்ட் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பானது' என்று அதன் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆசிட் என்ற சொல் பாட்டிலில் ஓர் இடத்திலும் இல்லை.

சக்கரம் சூடாக இருந்திருக்கும் என்று சொல்லாதீர்கள். வண்டி ராத்திரி முழுக்க நிழலில் நின்றது. மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஊற விடச் சொல்கிறது உங்கள் லேபிள். இரண்டு நிமிடத்திலேயே மூக்கில் கழிவறை ஆசிட் நெடி ஏறியது, சக்கரத்தின் நடுவிலுள்ள அலுமினிய ஹப் மேல் பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. உடனே தண்ணீரைக் கொட்டினேன், நான்கு வாளி. துடைத்துப் பார்த்தால் நீலம் பாய்ந்த அந்த வெள்ளைப் பளபளப்பு போய், ரிம்மின் பாதி வட்டம் வைக்கோல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. கறை என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. அது கறையே இல்லை, அடியிலிருந்த நிக்கல்.

இது உங்கள் ஆய்வகத்துக்குத் தெரியாத விஷயமாக இருக்க முடியாது. இரும்பின் மேல் நிக்கல் முலாம், அதன் மேல்தான் குரோம். நிக்கல் பத்து இருபது மைக்ரான் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே பளபளக்கிற குரோம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது, தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு இல்லை. காற்றுக்கும் தண்ணீருக்கும் அசையாத அந்தப் படலம், கழிவறை ஆசிட்டில் இருக்கிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டால் கரைந்துவிடும். கரைந்ததை எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசிப் பார்த்தேன். ஆறாம் நாள் நிப்பிள்களைச் சுற்றிக் கடுகு மாதிரித் துரு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பள்ளி ஆசிரியர், அமிலத்தின் கடுமையை நிறத்தால் காட்டும் பிஹெச் தாளை உங்கள் திரவத்தில் நனைத்துக் காட்டினார். அடர் சிவப்பு. அளவு 1-க்கும் 2-க்கும் நடுவில், அதாவது கடுமையான ஆசிட்.

ஆகஸ்ட் 3-ஆம் தேதி உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "வண்டி பழசு சார், முலாம் ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கும்." எனக்கு மனசு விட்டுப்போனது. முன் சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டேனே, பின் சக்கரத்துக்கு என்ன ஆயிற்று? அதுவும் அதே வருடத்து ரிம்தான், அதே உப்புக் காற்றில்தான் நின்றது. இன்றும் அதில் முகம் பார்க்கலாம். இரண்டு ரிம்மையும் எடுத்த படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து இணைத்திருக்கிறேன். வயதின் குறை என்றால் இரண்டிலும் இருந்திருக்க வேண்டும்.

ஸ்போக்ஸைக் கழற்றி, பழைய முலாமை எடுத்து, பஃப் அடித்து, மறுபடி நிக்கலும் குரோமும் ஏற்றி, கோட்டம் எடுத்து மாட்ட முலாம் கடையில் 3,500 ரூபாய் கேட்கிறார்கள். மதிப்பீட்டுச் சீட்டு இத்துடன் இருக்கிறது. அந்தத் தொகையையும் பாட்டிலின் விலையையும் நீங்கள் தர வேண்டும். அப்பா கைபட்ட அந்த முலாமுக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, அதைக் கேட்கவும் இல்லை.

பணத்தைவிட அவசரமானது லேபிள். குரோம் என்ற சொல்லை அதிலிருந்து எடுங்கள். ஆசிட் இருக்கிறது, கையுறை போட வேண்டும், குரோமிலும் வெறும் அலுமினியத்திலும் அடிக்கக் கூடாது என்று தமிழிலும் அச்சிடுங்கள். நான் அன்று வெறுங்கையால் துடைத்தேன், விரல் நுனித் தோல் இரண்டு நாள் எரிந்தது. கடைகளில் இருக்கும் சரக்கையும் திருப்பி எடுங்கள். போதிய எச்சரிக்கை இல்லாமல் விற்ற பொருளால் வரும் சேதத்துக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு சொல்கிறது.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். மீதித் திரவம் முக்கால் பாட்டில் மூடியோடு பத்திரமாக இருக்கிறது. ரிம்மையும் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன். உங்கள் ஆள் எந்த நாளும் வந்து பார்க்கலாம். பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள், முலாம் கடையின் மதிப்பீட்டுச் சீட்டு