பூட்டிய அலமாரிகளைத் திறப்போம்: குமரி மாவட்ட நர்சிங் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்ட நர்சிங் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இருபது வருடங்களுக்கு மேல் உங்களைப் போலவே வார்டிலும் வகுப்பிலும் மாணவர்களோடு நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் சி.பி.ஆர். பொம்மை (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைப் பழகும் பொம்மை) எப்போதும் கண்ணாடி அலமாரியில் பூட்டியே இருக்கும். சாவி ஆபீசில். இன்ஸ்பெக்‌ஷன் அன்று தூசி தட்டி வெளியே எடுப்போம், மறுநாள் உள்ளே போய்விடும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். நான்கு வருடம் படித்த பிள்ளைகளில் சிலர் அதன் நெஞ்சில் ஒருமுறைகூடக் கைவைத்து அழுத்தாமலேயே வேலைக்குப் போனார்கள். அந்தச் சாவிக்காக நான் வாதாடவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

பொம்மை மட்டுமா? நம் பாடக் குறிப்புகளும் செய்முறைத் தேர்வு செக்லிஸ்ட்களும் அவரவர் பென்டிரைவில் பூட்டிக் கிடக்கின்றன. மார்த்தாண்டத்தில் ஒருவர் தயாரித்த அதே பாடத்தை நாகர்கோவிலில் இன்னொருவர் இரவெல்லாம் விழித்து முதலிலிருந்து தயாரிக்கிறார். 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் சிமுலேஷன் பயிற்சியைக் கேட்கிறது, அதாவது நிஜ நோயாளிக்குப் பதில் பொம்மையையோ நடிப்பவரையோ வைத்துச் செய்யும் பயிற்சி. அதற்கான நோயாளிக் கதைகளைத் தனியாக உட்கார்ந்து எத்தனைதான் எழுத முடியும்?

வெளியே கதவு திறந்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ‘ஓப்பன் ஆர்.என்.’ என்ற திட்டத்தில் நர்சிங் பாடநூல்களை உருவாக்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், நகலெடுக்கலாம், மாற்றலாம், தமிழாக்கலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டம் வழியாக 2025 முதல் ஆய்விதழ்கள் அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன, அதன் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் சேர்க்கப்படவில்லை. ஆகவே நம்மில் பலருக்கு இதுபோன்ற திறந்த நூல்கள்தான் கைக்கு எட்டுகிறவை.

ஆனால் அப்படியே எடுத்து வைத்தால் வேலைக்கு ஆகாது. அவர்கள் எபிநெஃப்ரின் என்பது நமக்கு அட்ரினலின். அசிட்டமினோஃபென் என்றால் பாராசிட்டமால். பிரிட்டன் பாடத்தில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 5.5 மில்லிமோல் என்று இருக்கும், 18-ஆல் பெருக்கினால்தான் நம் கணக்கில் டெசிலிட்டருக்கு 99 மில்லிகிராம் வரும். இதைச் சரிபார்த்துத் திருத்த ஆசிரியர் வேண்டும். ஒருவர் திருத்தியது எல்லோருக்கும் போய்ச் சேரவும் வேண்டும்.

அப்புறம், வாங்குவதற்கு மட்டும் கை நீட்டினால் அது கூட்டுறவு இல்லை. நம்மிடம் கொடுக்க இருக்கிறது. குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போன ஒருவரைப் பாம்பு கடித்துக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்புத்தூளில் கழுவிய குழாயும் கூடாது, முடிவு தவறாகிவிடும். இந்த நுணுக்கம் லண்டனில் பாடம் நடத்துகிறவருக்கு எளிதில் அமையாது, நமக்கு அது வார்டு அனுபவம். இதைப் பாடமாக எழுதி உலகத்துக்குக் கொடுக்கலாமே.

நம் பிள்ளைகள் வளைகுடாவிலும் பிரிட்டனிலும் வேலை பார்க்கிறார்கள். “நெஞ்சு நோகுது, ஏலாமல் கிடக்கு” என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி சொன்னால் நம் பிள்ளைக்குச் சட்டென்று புரிய வேண்டும். அதற்கு இலங்கை, மலேசியத் தமிழ் ஆசிரியர்களோடு சேர்ந்து நோயாளி பேச்சுப் பாடம் ஒன்றை நாம் செய்யலாம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணம் மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றில் சில 1870-களில் அச்சானது நம் நாகர்கோவிலில். அமெரிக்கர் ஒருவரின் உழைப்பு, ஈழத்து மாணவர்கள், குமரி அச்சுக்கூடம். கடல் குறுக்கே கிடந்தும் நூல் கைமாறியது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கல்லூரியும் இந்தப் பருவத்தில் ஒரே ஒரு சிமுலேஷன் கதையைத் திறந்த உரிமத்தில், ஆசிரியர் பெயரோடு வெளியிடட்டும். நோயாளியின் படமோ பெயரோ அதில் வேண்டாம். முதல்வர்கள் அதை ஆசிரியரின் பணிக்கணக்கில் சேர்க்கட்டும், இல்லையென்றால் யாரும் இரவு விழித்து எழுத மாட்டார்கள். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் பொம்மை அறையைத் திறந்து விடுங்கள்.

பாம்புக்கடிக் கதையை நான் எழுதிவிட்டேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். யார் கேட்டாலும் தருகிறேன். கண்ணாடிக் குழாய் பற்றிய பகுதியை மட்டும் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவர் இன்னொருமுறை படித்துத் திருத்தித் தந்தால் நல்லது.

அன்புடன்,
மார்த்தாண்டத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு நர்சிங் ஆசிரியை