நேர்மைக்கு நோட்டு வேண்டாம்: கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். நீதிபோதனை வகுப்புக்குத் தனி நோட்டு வைக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு பீரியட், மாதம் ஒரு பண்பு, பாடத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, ஆண்டு முடிவில் மதிப்பெண். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அது பள்ளிக்குள் வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு தொடங்கியதிலிருந்து நீதிபோதனை பீரியடில் அவளுக்குக் கணக்குதான் நடக்கிறது. கணக்கு ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடம் முடியாவிட்டால் நீங்கள் அவரைத்தான் கேட்பீர்கள். பிள்ளைகள் பொய் சொல்லப் பழகினால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. சரி, அது போகட்டும்.

சென்ற வாரம், ஆய்வுக்கு அலுவலர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. உடனே வகுப்பு முழுவதும் புது நோட்டு வாங்கச் சொன்னார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு பாடமாக, பழைய தேதி போட்டு எழுதினார்கள். எல்லாம் நடக்காத வகுப்புகள். பள்ளியில் முடியாத மிச்சம் வீட்டுக்கு வந்தது. ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும், மாற்றி மாற்றி எழுதுங்கள் என்று யோசனையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்றிரவு அவள் தூக்கக் கலக்கத்தோடு எழுதிக்கொண்டிருந்த பாடத்தின் தலைப்பு ‘வாய்மை’. நடுவில் நிமிர்ந்து, “அம்மா, இந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையா வருதான்னு காலண்டர்ல பாரும்மா” என்றாள். பொய்யாக இருந்தாலும் தப்பில்லாமல் இருக்க வேண்டுமாம். நோட்டில் ஏதாவது மாட்டிக்கொண்டால் டீச்சருக்குத் திட்டு விழும் என்றும் சொன்னாள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. டீச்சர் மேல் இருக்கும் பாசத்தால்தான் அவள் அந்தப் பொய்யை அவ்வளவு கவனமாக எழுதினாள். ஒரு குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிற நல்ல குணத்தைப் பிடித்தே அவளைத் தப்புக் கணக்கு எழுத வைத்திருக்கிறோம்.

மறுநாள் அலுவலர் வந்தார். வாரா வாரம் வகுப்பு நடக்கிறதா என்று கேட்டார். “நடக்குது சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சில நோட்டுகளைப் புரட்டி டிக் போட்டார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டும் போனார். இந்த ஆண்டில் அவர்களுக்கு உண்மையிலேயே நடந்த ஒரே நீதிபோதனை வகுப்பு அதுதான்.

ஆகவே என் கோரிக்கை இது: நீதிபோதனைக்கு நோட்டும் மதிப்பெண்ணும் கேட்காதீர்கள். அந்த ஒரு பீரியடை வேறு பாடங்கள் எடுத்துக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் 2018-ல் தொடக்கப் பள்ளிகளிலும் 2019-ல் நடுநிலைப் பள்ளிகளிலும் ஒழுக்கக் கல்வியை முறையான பாடமாக்கினார்கள். பாடநூலும் உண்டு. ஆனால் மதிப்பெண் கிடையாது. பிள்ளையிடம் என்ன வளர்ச்சி தெரிகிறது என்று ஆசிரியர் சில வரிகள் எழுதுகிறார், அவ்வளவுதான். அதையும் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடக் கூடாது, மேற்படிப்புச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நுழைவுத் தேர்வுகளுக்குப் பேர்போன நாடே இந்த ஒரு பாடத்தில் எண்ணைத் தள்ளி வைத்திருக்கிறது.

மதிப்பெண் போட்டால் மட்டும் எதை அளப்பீர்கள்? 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் சுமார் 11,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். காப்பியடிக்கவும் காசை எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புக் கொடுத்துவிட்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. எது சரி என்று பதில் சொல்லத் தெரிவதற்கும் அப்படி நடந்துகொள்வதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. பிள்ளையை எந்தச் சூழலில் நிறுத்துகிறோம் என்பதுதான் பெரிதாக இருந்தது. நாம் நம் பிள்ளைகளை நிறுத்திய சூழலைத்தான் மேலே சொன்னேன்.

நான் இந்த வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கணிசமான பெற்றோருக்கு இதில் நம்பிக்கை இல்லை, எனக்கு இருக்கிறது. லாரன்ஸ் கோல்பெர்க் என்ற உளவியலாளர் 1974-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பொதுப் பள்ளி ஒன்றில் ஒரு முயற்சிக்குத் துணை நின்றார். பள்ளி விதிகளை மாணவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள், எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. அங்கே ஒருவருடைய பணம் திருடு போனது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, பணம் திரும்பி வராவிட்டால் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடுகட்டுவது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பள்ளியிலும் பென்சில் பாக்ஸ் காணாமல் போகிறது, ஒருத்திக்குப் பட்டப்பெயர் வைத்து அழ வைக்கிறார்கள், குழு வேலையை ஒருத்தி செய்ய நான்கு பேர் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். பேசுவதற்கு விஷயத்துக்கா பஞ்சம்? நாற்பது நிமிடம் கிடைத்தால் போதும். ஆனால் அப்படிப்பட்ட பேச்சை நோட்டில் எழுதி டிக் வாங்க முடியாது. எழுதச் சொன்னால் பிள்ளைகள் பேச மாட்டார்கள்.

மாதம் ஒரு பண்பு என்ற ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மாதம் நேர்மை, அடுத்த மாதம் இரக்கம் என்றால், இரண்டாவது மாதம் நேர்மைக்கு விடுமுறையா? ‘தூய்மை’ மாதத்தில் பிள்ளைகள் கழிப்பறைச் சுவரில் வாசகம் ஒட்டினார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. ‘சமத்துவம்’ பாடத்தை எழுதும் வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். ‘அன்பு’ பற்றிய பக்கத்தை முடிக்காதவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல், இருக்கிற ஆசிரியரிடமே இன்னொரு ரெக்கார்டையும் ஒப்படைத்துவிட்டு, அவர் உண்மையாக எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வகை நம்பிக்கைதான்!

மன்னிக்கவும், கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். தண்ணீரும் பணியிடமும் வேறு மடலுக்கு உரியவை. உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பிள்ளைகள் நல்லவர்களாக வளர வேண்டும் என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். அதனால்தான் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: நோட்டும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். அரையாண்டுக்கு முன்பே ஒரு திருத்தச் சுற்றறிக்கை அனுப்பி இந்த இரண்டையும் நீக்குங்கள். அந்த பீரியடில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். அப்புறம், ஆய்வுக்கு வரும் அலுவலர் நோட்டைப் புரட்டுவதற்குப் பதிலாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பீரியட் பேசிவிட்டுப் போகட்டும். அவர் வரும் தேதியை மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்