ஏசி வாங்குவதற்கு முன்னால்

நீடாமங்கலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். கோரையாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. போரிலும் தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது, மோட்டார் அரை மணியில் தொட்டியை நிரப்பிவிடுகிறது. நம் வீட்டு கரண்ட் பில் குறைவதே இந்த மாதங்களில்தான்.

மாப்பிள்ளை ஏசி வாங்கலாம் என்கிறாராமே. வாங்குங்கள், சென்னை வெயிலுக்கு வேண்டியதுதான். கடைக்காரர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பாதே, நீயே போட்டுப் பார். ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான். சாதாரண ஃபேன் 75 வாட். மூன்று ஃபேன் தினமும் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்துக்கு 162 யூனிட். 2000 வாட் ஹீட்டரை அரை மணி போட்டால் நாளுக்கு ஒன்று. ஃப்ரிட்ஜுக்கும் ஏறக்குறைய ஒன்று. லைட், டிவி, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 330 என்று வை. மிக்ஸியை விடு, அது ஓடுவதே பத்து நிமிஷம்.

2022 செப்டம்பரில் வந்த ரேட்டில், முதல் நூறு யூனிட் இலவசம் போக, இதற்கு 810 ரூபாய். அப்புறம் ரேட் ஏறியிருக்கிறது, ஆனாலும் புரிந்துகொள்ள இது போதும். ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்து, ராத்திரி ஐந்து மணி நேரம் போட்டால் 300 கூடும். மொத்தம் 630. யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பில் 3020! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய் ரேட் 4.50 ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8, 9 என்று ஏறும். சரியாக 500 என்றால் 1725, 510 என்றால் 2030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் அநியாயமில்லையா?

அதனால் ரீடிங் எடுத்துப்போன தேதியையும் அன்றைய ரீடிங்கையும் காலண்டரில் குறித்துவை. முப்பதாம் நாள் மீட்டரைப் பார். திரையில் தேதி, வோல்டேஜ் என்று மாறி மாறி வரும், கே.டபிள்யூ.எச். என்று வரும் எண்ணை மட்டும் எழுது, அதுதான் யூனிட். அதிலிருந்து பழைய ரீடிங்கைக் கழி. அதற்குள் 250 தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசியைக் கொஞ்சம் அடக்கிப் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் போர்ஷனுக்குத் தனி கனெக்‌ஷனா, வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரா? சப் மீட்டர் என்றால் மேலே எழுதிய ரேட் எதுவும் செல்லாது. அவர் யூனிட்டுக்கு எவ்வளவு கேட்கிறாரோ அதுதான் ரேட், நூறு யூனிட் இலவசமும் அவரோடு போகும். முதலில் அதை விசாரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அப்பாவும் வீட்டில் இருப்பார்.

அம்மா