எழுத்தை வெட்டியவர் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் வெனிஸ் அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், நாற்பது வயது வாக்கில் வெனிஸுக்கு வந்து அச்சுத் தொழிலில் இறங்கி, 1495இல் தொடங்கி 1498க்குள் அரிஸ்டாட்டிலை ஐந்து பெரிய தொகுதிகளாகக் கிரேக்கத்திலேயே கொண்டுவந்த கதையை நன்றாகவே சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் 'சாய்வெழுத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்டஸ்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அதுதான் உறுத்துகிறது.

இட்டாலிக் என்கிறோமே, அந்தச் சாய்ந்த எழுத்தை வெட்டியவர் இத்தாலியின் போலோன்யா ஊர்க்காரர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. நான் அச்சுக்கு ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்துக் கம்பாசிட்டர், அதனால் இதைச் சும்மா விட மனசு வரவில்லை. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அரத்தால் ராவி, அதைச் செம்பில் அடித்துக் குழி எடுத்து, அந்தக் குழியில் உலோகத்தை உருக்கி ஊற்றினால்தான் ஒரு எழுத்து கைக்கு வரும். கிரிஃபோ தனி எழுத்துகளோடு நிற்கவில்லை. கையால் எழுதும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருமே, அதுபோல இணைந்த எழுத்துகளையும் ஏராளமாக வெட்டினார். தலைப்பெழுத்துகள் (கேப்பிடல்) மட்டும் சாயாமல் நிமிர்ந்தே நின்றன.

1501இல் அந்த எழுத்தில் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் கைக்கு அடக்கமான புத்தகமாக வந்தபோது, கிரிஃபோவின் கைத்திறனைப் புகழ்ந்து அதிலேயே சில வரி போட்டார் ஆல்டஸ். சரி, அதோடு தீர்ந்ததா? அடுத்த வருஷமே அந்த எழுத்துக்கான உரிமையை வெனிஸ் அரசு ஆல்டஸ் பெயருக்கு எழுதிக்கொடுத்தது. வெட்டியவர் அதை அங்கே இன்னொருவருக்கு வெட்டிக்கொடுத்துப் பிழைக்க வழியில்லை. அப்புறம் அவர் இத்தாலியின் ஃபானோ ஊரில் இருந்த யூத அச்சகர் சொன்சீனோவிடம் போய்ச் சேர்ந்தார். 1503இல் தாம் வெளியிட்ட, இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் கவிதை நூலின் சமர்ப்பண உரையில், இந்த எழுத்து கிரிஃபோவின் கண்டுபிடிப்பு, ஆல்டஸுடையது அல்ல என்று சொன்சீனோ பட்டவர்த்தனமாக எழுதினார்.

அரசு உரிமையைக் கையில் வைத்திருந்தும் ஆல்டஸால் பிரான்சின் லியோன் நகரத்துக் கள்ளப் பதிப்பாளர்களைத் தடுக்க முடியவில்லை என்பது தனிக்கதை (இதையும் கட்டுரையில் காணோம்). அதே 1503இல் அவர் ஒரு எச்சரிக்கை அச்சிட்டார்: லியோன் புத்தகத்தின் தாள் மட்டம், வாடை வேறு அடிக்கும், இன்னின்ன இடங்களில் பிழை இருக்கும், பார்த்து வாங்குங்கள் என்று. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே லியோன்காரர்கள் தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள். சம்பளம் இல்லாத புரூஃப் ரீடர்!

ஆல்டஸைக் குறைத்துப் பேசவில்லை. எந்த நூலை அச்சிடுவது, எந்த ஏட்டை நம்புவது என்பதெல்லாம் அவருடைய படிப்பு, அவருடைய துணிச்சல். ஆனால் கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த வெர்ஜில் பக்கத்தின் படத்துக்குக் கீழே 'எழுத்து: பிரான்செஸ்கோ கிரிஃபோ' என்று வந்திருக்க வேண்டும். அடுத்த இதழில் ஒரு திருத்தமாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கம்பாசிட்டர் ஒருவர்,
சிவகாசி