தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்பு மகன்,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் நோ அப்படியேதான். போனில் கதைத்தால் "ஓம் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை இடையில் வெட்டேலாதுதானே, அதுதான் எழுதுகிறேன்.

இந்த 2023 ஜனவரியிலிருந்து சம்பளத்தில் வரி வெட்டுகிறார்கள் என்றாய். மாதம் ஒரு லட்சம் தாண்டினால் தொடங்கி 36 வீதம் வரை போகுதாம். படித்துச் சொந்தக் காலில் நிற்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான், எனக்கும் வயிறு எரியுது. நேரத்துக்குச் சாப்பிடு.

ஆனால் காசுக்காகத்தான் எல்லாரும் நாட்டை விட்டு வெளிக்கிடுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. கடைசி வீட்டு டொக்டர் பிள்ளை, மருந்தும் காஸும் பெற்றோலும் இல்லாத நேரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவள். வரிசைகள் குறைந்த பிறகுதான் போனாள். நீயும் காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்று படம் அனுப்பினாய். ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்கு ஓடிவிட்டார் என்று ஜூலை 13 விடிய எங்களை எழுப்பிச் சொன்னதும் நீதான். பிறகு அதே பாராளுமன்றம் அடுத்தவரைத் தெரிவுசெய்தது. அன்றைக்குப் பிறகு நீ அரசியலே கதைப்பதில்லை. பசியைத் தாங்குகிற சனம், இனி ஒன்றும் மாறாது என்று பட்டால்தான் பெட்டி கட்டுது.

சின்ன மாமா 83 இல் ஜெர்மனிக்குப் போனது உயிருக்குப் பயந்து. அவரையே ஆச்சியின் செத்தவீட்டில் காணவில்லை. உனக்குத் தெரியும்தானே.

எதுவென்றாலும் ஏஜென்சிக்காரரிடம் காசு கட்டாதே. போன கார்த்திகையில் கனடா என்று கப்பலேறின 303 பேர் நடுக்கடலில் தத்தளித்து, யப்பான் கப்பல் காப்பாற்றி வியட்நாமில் இறக்கினது. நீ அப்படிப் போகிற ஆள் இல்லை. என்றாலும் கட்டாதே.

நீ "சும்மா தேவை" என்று கேட்ட பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கு. 95 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனத்தோடு சனமாக நகரும்போது பால்மா ரின்னுக்குள் வைத்துக் கொண்டுபோனது. அப்படியும் தண்ணி இறங்கி, உன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கறை. கறை பிடித்ததை ஏற்கமாட்டார்கள் என்று அப்பா நொண்டி நொண்டிப் பிரதேச செயலகம் போய்ப் புதுப் பிரதி எடுத்து வந்தார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை.

இங்கிலிஷில் மாற்றின பிரதியும் வேண்டுமா? ரவுணில் செய்து தருகிறார்கள். வியாழனுக்குள் சொன்னால் சேர்த்து பஸ்ஸில் போட்டுவிடலாம்.

அம்மா